சொட்டும் இடம் வேறு, ஓடு உடைந்த இடம் வேறு: சமூக ஊடக லைப்ரரியில் டோக்கன் கசிந்தால் என்ன செய்வது

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையின் தளத்தில் இன்ஸ்டாகிராம் படங்கள் ஓடிக்கொண்டிருக்கும். கானாடுகாத்தானில் வளவு வீட்டை விடுதியாக்கியவர், அறை பதிய ஃபேஸ்புக் லாகின் வைத்திருப்பார். ஆத்தங்குடி டைல் பட்டறைக்கு டெலிகிராம் பாட் ஆர்டர் வாங்கித் தரும். மூன்றுக்கும் நடுவில் யாரோ எழுதிய ஒரு லைப்ரரி, அதாவது தயார் நிரல் தொகுப்பு, உட்கார்ந்திருக்கிறது. அதன் கையில் ஒரு டோக்கன்: கணக்கைப் பயன்படுத்த அனுமதிக்கும் ரகசிய எழுத்துக்கூட்டம். பேரர் செக் மாதிரிதான் அது: கொண்டுபோய் நீட்டுகிறவருக்குப் பணம், பெயர் கேட்க மாட்டார்கள். லைப்ரரி அதை எங்கேயாவது எழுதி வைத்தாலோ, தப்பான வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனாலோ, பார்த்தவர் எடுத்துக்கொள்ளலாம்.

நாட்டு ஓட்டு வீட்டில் மழைநீர் சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்காது. தண்ணீர் சட்டத்தில் ஓடி வேறெங்கோ இறங்கும். டோக்கன் கசிவும் அப்படித்தான். அதனால் கண்ணில் படும் அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போகும்படி இதை எழுதியிருக்கிறோம்.

முதலில், இது கசிவுதானா?

தளத்தில் ஓடும் படவரிசை (ஃபீட்) திடீரென்று வெறுமையானால் 'யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள்' என்று பதற வேண்டாம். பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. வெளி நிரல்கள் படங்களை எடுக்க இன்ஸ்டாகிராம் வைத்திருந்த பழைய வாசலான 'பேசிக் டிஸ்ப்ளே ஏபிஐ' 2024 டிசம்பர் 4 அன்று மூடப்பட்டது. அதை நம்பியிருந்த பிளகின்கள் அன்றோடு நின்றன. புதிய முறையிலும் நீண்டகால டோக்கனுக்கு ஆயுள் 60 நாள். நடுவில் புதுப்பிக்காவிட்டால் செத்துப்போகும்.

லாகில், அதாவது நிரல் தன் வேலைகளையும் பிழைகளையும் எழுதி வைக்கும் பதிவு ஃபைலில், வரும் பிழை எண்ணைப் பாருங்கள். 190 என்றால் டோக்கன் செல்லாது. கூடவே ஒரு துணை எண் வரும். 463 என்றால் காலாவதி, புதுப்பித்தால் போதும். 460 என்றால் பாஸ்வேர்டு மாறியிருக்கிறது, அல்லது பாதுகாப்புக் காரணத்துக்காக ஃபேஸ்புக்கே செஷனை முடித்திருக்கிறது. வீட்டில் யாரும் பாஸ்வேர்டை மாற்றவில்லை, ஆனாலும் 460 வருகிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

டோக்கனைச் செல்லாமல் ஆக்குங்கள். லைப்ரரியை அப்டேட் செய்வது இரண்டாவது வேலை. இந்த வரிசையைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: புதிய பதிப்பைப் போட்டுவிட்டு 'முடிந்தது' என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். புதிய பதிப்பு இனிமேல் கசிவதைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே வெளியே போன டோக்கன் இன்னும் செல்லுபடியாகும். 2018 செப்டம்பரில் ஃபேஸ்புக்கின் 'வியூ ஆஸ்' வசதியில் இருந்த ஓட்டை வழியாக டோக்கன்கள் திருடப்பட்டபோது, அந்த நிறுவனம் ஓட்டையை அடைத்த கையோடு, பாதிப்பு என்று அப்போது கருதிய சுமார் 5 கோடி கணக்குகளின் டோக்கன்களையும், முன்னெச்சரிக்கையாக மேலும் 4 கோடி கணக்குகளின் டோக்கன்களையும் ரத்து செய்தது. கடைக்கும் அதே வழிதான்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் என்றால் மெட்டாவின் 'ஆக்சஸ் டோக்கன் டீபக்கர்' பக்கத்தில் டோக்கனை ஒட்டுங்கள். எந்த ஆப்புக்கு உரியது, என்னென்ன அனுமதி இருக்கிறது, எப்போது முடிகிறது என்று காட்டும். 'எக்ஸ்பயர்ஸ்' வரியில் 'நெவர்' என்று இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். நீண்டகாலப் பயனர் டோக்கனிலிருந்து எடுத்த பக்க டோக்கனுக்கு முடிவுத் தேதி கிடையாது. மூன்று வருடத்துக்கு முந்தைய லாகில் கிடந்தாலும் இன்றைக்கும் அது கடைப் பக்கத்தில் பதிவு போடும். அந்தக் கணக்கின் செட்டிங்ஸில் 'பிசினஸ் இன்டகிரேஷன்ஸ்' பகுதிக்குப் போய் அந்த ஆப்பை நீக்குங்கள், பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பிறகு மறுபடி டீபக்கரில் ஒட்டிப் பாருங்கள். 'வேலிட்' என்ற இடத்தில் 'ஃபால்ஸ்' வந்தால்தான் நம்பலாம்.

புதிய டோக்கனை உடனே தளத்தில் போட்டுவிடாதீர்கள். ஓட்டை அடைபடும் முன் போட்டால் அதுவும் அதே வழியாகப் போகும். அரை நாள் ஃபீட் காலியாக இருந்தால் சீப்புச் சீடை விற்காமல் போய்விடாது.

அறிகுறி: லாக் ஃபைலில் நீளமான எழுத்துக்கூட்டம்

இதுதான் அதிகம் காணப்படுவது. ஃபேஸ்புக் டோக்கன் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இ, ஏ, ஏ என்று தொடங்கி, நூறு எழுத்தையும் தாண்டி நீளும். டெலிகிராம் டோக்கனில் முதலில் எண்கள், பிறகு முக்காற்புள்ளி, பிறகு எழுத்துகள். சர்வரில் ஃபைல் மேனேஜரைத் திறந்து, .லாக் என்று முடியும் எல்லா ஃபைலிலும் இவற்றைத் தேடுங்கள். பழைய லாகைச் சுருக்கி வைத்த ஜிப் ஃபைல்களையும் விடாதீர்கள்.

இது லாகுக்குள் எப்படி வருகிறது? பல லைப்ரரிகள் டோக்கனை முகவரியின் வாலில், கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டி அனுப்புகின்றன. இணைப்பு அறுந்தால், பைத்தானின் 'ரிக்வெஸ்ட்ஸ்' போன்ற கிளையன்ட் (லைப்ரரிக்காக மற்ற தளங்களோடு பேசும் நிரல்), எந்த முகவரிக்குப் போக முயன்றது என்பதைப் பிழைச் செய்தியிலேயே எழுதும், வாலோடு சேர்த்து. யாரும் தாக்கவில்லை. மதியம் மின்சாரம் போய் இணையம் ஐந்து நிமிடம் நின்றது, அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்தில் லாகில் ஐம்பது முறை டோக்கன் பதிவாகிவிடும்.

வேர்ட்பிரஸ் தளம் என்றால் ஒரு படி கூடுதலாகச் சோதியுங்கள். பிரைவேட் டேபில் தளத்தின் முகவரியோடு 'டபிள்யூபி-கன்டென்ட்' ஃபோல்டரையும் 'டீபக்.லாக்' ஃபைல் பெயரையும் சேர்த்து அடியுங்கள். 403 (அனுமதி இல்லை) அல்லது 404 (பக்கம் இல்லை) வந்தால் தப்பித்தீர்கள். எழுத்து எழுத்தாகப் பக்கம் விரிந்தால், பெட்டகச் சாவி முகப்புத் திண்ணையில் கிடக்கிறது என்று பொருள்.

செய்ய வேண்டியவை:

1. கான்ஃபிக் ஃபைலில் 'டபிள்யூபி டீபக்' மதிப்பை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். லாக் கட்டாயம் வேண்டும் என்றால், வேர்ட்பிரஸ் 5.1 முதல் 'டபிள்யூபி டீபக் லாக்' மதிப்பாக ஃபைலின் பாதையையே கொடுக்கலாம். அந்தப் பாதை 'பப்ளிக் ஹெச்டிஎம்எல்' ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும்.

2. பழைய லாகை அழியுங்கள். அழிக்கும் முன் ஒரு பிரதியைச் சர்வருக்கு வெளியே எடுத்து வையுங்கள். எப்போதிலிருந்து கசிகிறது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

3. லைப்ரரி இடம் கொடுத்தால், டோக்கனை முகவரியில் இல்லாமல் 'ஆதரைசேஷன்' ஹெடரில் (கோரிக்கையோடு முகவரிக்கு வெளியே போகும் குறிப்பு) அனுப்பச் சொல்லுங்கள். ஃபேஸ்புக்கின் கிராஃப் ஏபிஐ அதை ஏற்கும். முகவரி எங்கும் பதிவாகும். ஹெடர் அவ்வளவு எளிதில் பதிவாகாது.

லைட்ஸ்பீட் கேஷ் பிளகின் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். 2024 செப்டம்பரில் வெளியான சிவிஇ-2024-44000 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொதுப் பதிவு எண்) இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த பிளகினின் டீபக் லாக் இயங்கினால், உள்ளே நுழைந்தவர்களின் செஷன் குக்கியும் (லாகின் செய்தவர் இவர்தான் என்று காட்டும் அடையாளம்) அதே பொது இடத்து லாகில் விழுந்தது. குக்கியை எடுத்தவர் நிர்வாகியாகவே உள்ளே வரலாம். அதன்பின் டேட்டாபேஸில் இருக்கும் இன்ஸ்டாகிராம் டோக்கன் என்ன, எல்லாமே அவர் கையில். திருத்தம் 6.5.0.1 பதிப்பில் வந்தது. ஆனால் என்றோ ஒருநாள் டீபக்கை இயக்கிவிட்டு மறந்திருந்தால், பழைய லாக் அங்கேயே கிடக்கும். அதை நீங்களே அழிக்க வேண்டும். அழித்த கையோடு கான்ஃபிக் ஃபைலில் உள்ள, குக்கிகளைச் சரிபார்க்கும் ரகசிய 'சால்ட்' வரிகளையும் புதிதாக மாற்றுங்கள். உள்ளே இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிடுவார்கள். திருடிய குக்கியும் செல்லாது.

அறிகுறி: டெலிகிராம் பாட் 409 என்கிறது, அல்லது ஆர்டர்கள் வந்து சேரவில்லை

வாடிக்கையாளர் அனுப்பியதாகச் சொல்கிறார், பட்டறைக்கு வரவில்லை. லாகில் 409 'கான்ஃப்ளிக்ட்'. இந்த எண்ணுக்குப் பின்னால் இரண்டு விதமான வாசகம் வரும், இரண்டும் வேறு வேறு கதை.

'வேறொரு கெட்அப்டேட்ஸ் கோரிக்கையால் நிறுத்தப்பட்டது' என்று பொருள்படும் செய்தி வந்தால் (கெட்அப்டேட்ஸ் என்பது புதிய செய்திகளைக் கேட்டு வாங்கும் அழைப்பு), அதே டோக்கனோடு இன்னொரு நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. சந்தேகம் முதலில் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்: பழைய சர்வரில் நிறுத்தாமல் விட்ட பிரதி, பாட் எழுதிய தம்பியின் லேப்டாப், இரண்டு முறை தொடங்கிய சர்வீஸ். பத்தில் பாதி இதுவாகவே இருக்கும் என்பது நமது கணிப்பு. இந்தக் கூடுதல் பிரதிகள் எல்லாவற்றையும் நிறுத்திய பின்னும் 409 வந்தால், அந்த இன்னொருவர் வெளியாள்.

'வெப்ஹுக் செயலில் இருக்கும்போது கெட்அப்டேட்ஸ் முடியாது' என்று வந்தால் (வெப்ஹுக் என்பது டெலிகிராம் செய்திகளைத் தானாகவே அனுப்பும் முகவரி), 'கெட்வெப்ஹுக்இன்ஃபோ' அழைப்பைக் கொடுத்து அதில் வரும் முகவரியைப் பாருங்கள். உங்களுடையது இல்லாத டொமைன் அங்கே இருந்தால் பேச்சே வேண்டாம், டோக்கன் போய்விட்டது.

எடுத்தவருக்கு என்ன கிடைக்கும்? இன்னும் எடுத்துக்கொள்ளாத செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரம் வரை வைத்திருக்கும். அவர் முந்திக்கொண்டால் அவை அவருக்குப் போகும், உங்கள் பட்டறைக்கு வராது. ஆர்டர் காணாமல் போவதற்கு இதுதான் காரணம். அதில் வாடிக்கையாளர் பெயர், வீட்டு முகவரி, எத்தனை சதுர அடி தரை என்பதெல்லாம் இருக்கும்.

ஓட்டை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். டெலிகிராமின் டோக்கன் முகவரியின் பாதையிலேயே, 'பாட்' என்ற சொல்லுக்கு அடுத்து, உட்கார்ந்திருக்கும். ஹெடருக்கு மாற்ற வழியில்லை. 'பைத்தான்-டெலிகிராம்-பாட்' லைப்ரரி அடியில் பயன்படுத்தும் 'ஹெச்டிடிபிஎக்ஸ்', லாக் நிலை 'இன்ஃபோ' என்றிருந்தால் ஒவ்வொரு கோரிக்கையின் முழு முகவரியையும் எழுதும். பாட் சில நொடிகளுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருப்பதால், லாக் முழுக்க டோக்கன்தான். உதவி கேட்டு அந்த லாகை அப்படியே ஒரு குழுவில் ஒட்டிவிட்டால் கதை முடிந்தது.

டெலிகிராமில் பாட்களை நிர்வகிக்கும் பாட்ஃபாதரைத் திறந்து '/ரிவோக்' கட்டளையைக் கொடுத்துப் பாட்டைத் தேர்ந்தெடுங்கள். பழையது அந்த நொடியே சாகும். பிறகு நிரலில் 'ஹெச்டிடிபிஎக்ஸ்' என்ற லாகரின் நிலையை மட்டும் 'வார்னிங்' ஆக்குங்கள். ஒரே வரி. அந்த லைப்ரரியின் எடுத்துக்காட்டு நிரல்களிலேயே அந்த வரி இருக்கிறது. பழைய எடுத்துக்காட்டிலிருந்து நகலெடுத்தவர்களிடம்தான் இருக்காது. அதன்பிறகே புதிய டோக்கன்.

அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் லைப்ரரி பழசு

இதுதான் கெட்டிக்காரக் கசிவு. உங்கள் சர்வரில் தடயமே இருக்காது, ஏனென்றால் டோக்கன் பதிவாவது இன்னொருவர் சர்வரில்.

லைப்ரரி ஒரு படம் கேட்கிறது. தளம் 'அது இங்கே இல்லை, அந்த முகவரிக்குப் போ' என்று 302, அதாவது ரீடைரக்ட், சொல்கிறது. அடியில் இருக்கும் கிளையன்ட் புதிய முகவரிக்கு ஓடுகிறது. ஓடும்போது பழைய வாசலில் காட்டிய டோக்கனைக் கீழே போட்டுவிட்டுப் போக வேண்டும். சில பதிப்புகள் போடவில்லை, கையோடு கொண்டுபோய்ப் புதிய ஆளிடமும் காட்டின.

நீங்கள் நிறுவிய சமூக ஊடக லைப்ரரியின் பதிப்பைப் பார்த்துப் பயனில்லை, அதன் அடியில் உள்ளதைப் பாருங்கள்:

பைத்தானில் 'ரிக்வெஸ்ட்ஸ்' 2.20.0-க்குக் கீழே இருந்தால் சிவிஇ-2018-18074 பொருந்தும். அதே ஹோஸ்ட், ஆனால் ஹெச்டிடிபிஎஸ்-இலிருந்து வெறும் ஹெச்டிடிபிக்கு மாறும்போது ஆதரைசேஷன் ஹெடரை விடாமல் அனுப்பியது. வழியில் ஒட்டுக்கேட்பவருக்கு அது திறந்த தபால் அட்டை.

சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடில் 'ஃபாலோ-ரீடைரக்ட்ஸ்' குறைந்தது 1.14.8 வேண்டும். 1.14.7 குக்கிக் கசிவை (சிவிஇ-2022-0155) அடைத்தது, 1.14.8 ஆதரைசேஷன் கசிவை (சிவிஇ-2022-0536). பலர் பயன்படுத்தும் ஆக்ஸியோஸ் கிளையன்ட் இதன் மேல்தான் நிற்கிறது. 'நோட்-ஃபெட்ச்' என்றால் 2.6.7 அல்லது 3.1.1.

பிஹெச்பியில் 'கஸில்' 6-ஆம் வரிசைக்கு 6.5.8, 7-ஆம் வரிசைக்கு 7.4.5. 2022-இல் இதே வகை ஓட்டைகள் அதில் அடுத்தடுத்து அடைக்கப்பட்டன. அதனால் 7.4.4 போட்டுவிட்டு நின்றவர்கள் ஒரு படி கீழே நிற்கிறார்கள்.

பார்க்கும் கட்டளைகள்: 'பிப் ஷோ', 'என்பிஎம் எல்எஸ்', 'காம்போசர் ஷோ', ஒவ்வொன்றுக்கும் பின்னால் லைப்ரரியின் பெயர். நோடில் ஒரு சூது உண்டு. ஒரே திட்டத்துக்குள் 'ஃபாலோ-ரீடைரக்ட்ஸ்' இரண்டு மூன்று பிரதிகள், வேறு வேறு பதிப்பில் இருக்கலாம். மேலே உள்ளது புதிது என்று திருப்தியடையாமல், 'என்பிஎம் எல்எஸ்' காட்டும் மரத்தின் கடைசிக் கிளை வரை பாருங்கள்.

பதிப்பு சரியாக இருந்தும் ஒரு பொறி மிஞ்சும். இந்தக் கிளையன்ட்கள் கீழே போடத் தெரிந்தது ஆதரைசேஷன், குக்கி போன்ற பெயர் தெரிந்த ஹெடர்களைத்தான். உங்கள் லைப்ரரி சாவியைத் தானே பெயர் வைத்த ஹெடரில், 'எக்ஸ்-ஏபிஐ-கீ' என்பதுபோல், அனுப்பினால் அது சாவி என்று கிளையன்டுக்குத் தெரியாது. கூடவே கொண்டுபோகும். இதைச் சோதிக்க உங்களிடம் இரண்டு டொமைன் இருந்தால் போதும்: முதலாவதில் 302 மட்டும் கொடுக்கும் ஒரு பக்கம், இரண்டாவதில் வந்த ஹெடர்களை அப்படியே அச்சிடும் ஒரு பக்கம். பொய்யான டோக்கனைப் போட்டு லைப்ரரியை முதலாவதுக்கு அனுப்புங்கள். இரண்டாவதில் அந்த டோக்கன் தெரிந்தால், ரீடைரக்டைத் தானாகப் பின்தொடரும் வசதியை அணைத்துவிட்டு, எந்த ஹோஸ்டுக்குப் போகலாம் என்பதை நிரலே முடிவு செய்யட்டும்.

அறிகுறி: லாகின் செய்தால் வேறொருவர் பெயர் தெரிகிறது

விடுதித் தளத்தில் ஒருவர் நுழைகிறார், மேலே இன்னொரு விருந்தினர் பெயரும் படமும். லாகின் லைப்ரரியைத் திட்டும் முன் கேஷைப் பாருங்கள், அதாவது பக்கத்தின் பிரதியை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுக்கும் இடத்தை. இரண்டு போனை எடுத்து, ஒன்றில் லாகின் செய்து கணக்குப் பக்கத்தைத் திறங்கள், மற்றதில் லாகின் இல்லாமல் அதே முகவரியைத் திறங்கள். முதல் ஆளின் பெயர் இரண்டாவதிலும் வந்தால் கேஷ்தான். பதில் ஹெடரில் லைட்ஸ்பீட் அல்லது கிளவுட்ஃபிளேர் 'ஹிட்' என்று எழுதியிருக்கும். கணக்குப் பக்கம், லாகின் முடிந்து திரும்பி வரும் 'கால்பேக்' பக்கம் இரண்டையும் கேஷிலிருந்து விலக்கி, 'கேஷ்-கன்ட்ரோல்' ஹெடரில் 'நோ-ஸ்டோர்' வையுங்கள், முழுக் கேஷையும் காலி செய்யுங்கள்.

அறிகுறி: முகவரிப் பட்டையிலோ பக்கத்தின் சோர்ஸிலோ டோக்கன்

லாகின் முடிந்ததும் முகவரியில் '#' குறிக்குப் பின்னால் ஆக்சஸ் டோக்கன் தெரிந்தால், லைப்ரரி, டோக்கனை நேராக முகவரியிலேயே தரும் பழைய 'இம்ப்ளிசிட்' முறையில் ஓடுகிறது. 2025 ஜனவரியில் வெளியான இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 9700 அதைத் தவிர்க்கச் சொல்கிறது. 'ஆதரைசேஷன் கோட்' முறைக்கு, 'பிக்ஸி' என்ற கூடுதல் சரிபார்ப்போடு சேர்த்து மாறுங்கள். '#' பகுதி ரெஃபரரில் (எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று அடுத்த தளத்துக்குச் சொல்லும் ஹெடர்) போகாது என்று சிலர் வாதிடுவார்கள். உண்மைதான், ஆனால் அந்தப் பக்கத்தில் ஏற்றியிருக்கும் விளம்பர, கணக்கெடுப்பு ஸ்கிரிப்ட்கள் முழு முகவரியையும் படிக்கும். கால்பேக் பக்கத்தில் வெளியார் ஸ்கிரிப்ட் ஒன்றுகூட வேண்டாம்.

சோர்ஸில் தெரிந்தால் காரணம் இன்னும் எளிது: 'வீட்', 'நெக்ஸ்ட் பப்ளிக்' என்று தொடங்கும் என்விரான்மென்ட் மாறிகள் பில்டு செய்யும்போது ஜாவாஸ்கிரிப்டுக்குள் அப்படியே பதிந்துவிடும். ரகசியத்துக்கு அந்த முன்னொட்டு வைக்கக் கூடாது.

ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆப்

2012-இல் ஃபேஸ்புக்கின் ஆண்ட்ராய்டு எஸ்டிகே (ஆப் எழுதுவோருக்கான லைப்ரரி) டோக்கனைப் போனின் லாகான லாக்கேட்டில் எழுதியது தெரியவந்து திருத்தப்பட்டது. ஆண்ட்ராய்டு 4.1 முதல் ஓர் ஆப் இன்னொன்றின் லாகைப் படிக்க முடியாது என்றாலும், கேபிள் போட்டால் தெரியும், கிராஷ் அறிக்கையிலும் போகும். ஆண்ட்ராய்டு கிளையன்டான 'ஓகேஹெச்டிடிபி'யின் லாகிங் இன்டர்செப்டர், வெளியீட்டுப் பதிப்பில், எல்லாவற்றையும் லாகில் எழுதும் 'பாடி' நிலையில் விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஐஓஎஸ்-இல் 'ட்விட்டர் கிட்' இன்னும் உள்ளே இருந்தால் எடுத்துவிடுங்கள். 3.4.2 வரையிலான பதிப்புகள் சர்வர் சான்றிதழைச் சரியாகச் சோதிப்பதில்லை (சிவிஇ-2019-16263). 2018-லேயே கைவிடப்பட்ட லைப்ரரி அது. அப்டேட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், வராது.

அடைத்த பிறகு

ஃபேஸ்புக் ஆப் செட்டிங்ஸில் 'ரிக்வயர் ஆப் சீக்ரெட்' என்ற பொத்தான் இருக்கிறது. அதை இயக்கினால், சர்வரிலிருந்து போகும் ஒவ்வொரு அழைப்பிலும் டோக்கனோடு ஒரு சான்றும் போக வேண்டும். ஆப்பின் ரகசியச் சொல்லான ஆப் சீக்ரெட்டைச் சாவியாக வைத்து, டோக்கனை ஹெச்மேக்-எஸ்ஹெச்ஏ256 என்ற கணக்கில் போட்டு எடுத்த மதிப்பு அது. பேரர் செக்கில் குறுக்குக் கோடு போடுவது மாதிரி. டோக்கன் மட்டும் கிடைத்தவர் வேறொரு சர்வரிலிருந்து அதைச் செலுத்த முடியாது. இயக்கும் முன் உங்கள் லைப்ரரி அந்தச் சான்றை எல்லா அழைப்பிலும் சேர்க்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் ஃபீடே முதலில் நிற்கும். ஆப் சீக்ரெட்டும் அதே லாகில் கிடந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

வாடிக்கையாளர் விவரம் போயிருந்தால், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டு வெளியிட்ட உத்தரவுப்படி, கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். லாக்களை 180 நாள் வைத்திருக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. மேலே 'அழிக்கும் முன் பிரதி' என்றதற்கு இன்னொரு காரணம் இது. அந்தப் பிரதியைப் பூட்டி வையுங்கள்.

கடைசிச் சோதனை. உண்மை டோக்கன் இருக்கும் இடத்தில், எங்கும் தற்செயலாக வராத ஒரு பொய்ச் சொல்லைப் போடுங்கள், 'கண்டாங்கி7391' என்பதுபோல். தளத்தை ஓடவிடுங்கள். பிழை தானாக வரும், ஏனென்றால் டோக்கன் பொய். போதாதென்றால் சர்வரின் வெளி இணைப்பை இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். பிறகு அந்தச் சொல்லைத் தேடுங்கள்: லாக் ஃபைல்கள், தளத்தில் பார்வையாளருக்குத் தெரியும் பிழைப் பக்கம், பிரவுசர் சோர்ஸ், கேஷ் ஃபோல்டர், டேட்டாபேஸின் பிழை அட்டவணை, பிழை அறிக்கை சேவை, இரவு எடுக்கும் பேக்கப். நிர்வாகிக்குப் போகும் பிழை மின்னஞ்சலையும் திறந்து பாருங்கள். பலருக்கு அந்தச் சொல் அங்கேதான் கிடைக்கும், அந்த மின்னஞ்சல் போகும் முகவரியோ இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போன டெவலப்பருடையதாக இருக்கும்.